52,000 கி.மீ. ஓடிய டர்போ பெட்ரோல் வண்டி: தினமும் நெல்லை போய்வரத் தாங்குமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எங்கள் வீடு நாகர்கோவில் கோட்டாறில். எனக்கு வேலை பாளையங்கோட்டைக்கு மாறிவிட்டது. வாரம் ஐந்து நாள், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழியாகப் போக வர ஏறக்குறைய 160 கி.மீ. இரண்டு பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2020 வென்யூ 1.0 டர்போ பெட்ரோல், ஆறு கியர் மானுவல், டி.என். 74, ஒரே ஓனர், மீட்டரில் 52,000. மற்றது 2017 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஆட்டோமேட்டிக், திருவனந்தபுரம் பதிவு, 68,000. போலோ ஒரு லட்சத்துக்குமேல் விலை குறைவு. "டர்போ பெட்ரோல் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைதான், அதுக்குமேல் செலவு தாங்காது" என்கிறார் வீட்டுக்காரர். "ஹைவேயில் ஓடுற வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார் அவருடைய நண்பர். ஐந்து வருடமாவது வைத்து ஓட்ட வேண்டும். எதை எடுக்கலாம்?
ஒரு வாசகி, கோட்டாறு

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மாதம் 22 நாள் என்றால் 3,520 கி.மீ. வருடத்துக்கு 42,000. ஐந்து வருடத்தில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். இன்று 52,000 காட்டும் வென்யூவை நீங்கள் விற்கும் நாளில் மீட்டர் 2,60,000-ஐத் தாண்டியிருக்கும். ஆகவே வண்டி ஐந்து வருடம் தாங்குமா என்பதல்ல கேள்வி, இரண்டரை லட்சம் தாங்குமா என்பதுதான். எஞ்சின் தாங்கும், இதுவரை ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால். டர்போ அவ்வளவு தூரம் வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டி வரலாம் என்று பணம் ஒதுக்கிவைப்பது நல்லது. கிளட்ச் ஒரு தடவை, ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் ஒரு தடவை, டயர் நாலைந்து செட், இவை எப்படியும் வரும். அதை டர்போவின் தலையில் போடாதீர்கள்.

டர்போ எதனால் கெடுகிறது என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்காரர் சொல்வதிலும் நண்பர் சொல்வதிலும் எது எவ்வளவு சரி என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம். சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஒரு லிட்டர் எஞ்சினில் வரும் டர்போவில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். புகைப் பக்கம் 900 டிகிரி அளவுக்குச் சூடாகும். பெரும்பாலான வண்டிகளில் தண்டைத் தாங்குவது பால் பேரிங் அல்ல. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் ஒன்றில் மிதந்தபடியே சுற்றுகிறது. அந்த ஆயில் வேறெங்கிருந்தும் வருவதில்லை, எஞ்சினுக்கு ஊற்றுகிற அதே ஆயில்தான். அது குறைந்தாலும், கெட்டியானாலும், வந்துசேர இரண்டு விநாடி தாமதித்தாலும் முதல் அடி இந்தத் தண்டுக்கு. டர்போ தானாகச் சாவது அபூர்வம். ஆயில்தான் கொல்லும்.

இந்த விஷயத்தில் உங்கள் பாதை வண்டிக்குச் சாதகம். காவல்கிணற்றில் நான்குவழிச் சாலை ஏறி, கடைசி கியரில் 90, 95-ல் போனால் எஞ்சின் ஏறக்குறைய 2,500 சுற்றில் நிதானமாக ஓடும். டர்போ அதிகம் அமுக்க வேண்டியிருக்காது. ஆயில் சரியான சூட்டில் மணிக்கணக்கில் இருக்கும். நாளுக்கு இரண்டே ஸ்டார்ட். இதற்கு நேர் எதிர், வடசேரிச் சந்தைக்கு ஒன்றரை கி.மீ., பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கி.மீ. என்று ஓடிய வண்டி. இந்த எஞ்சின்களில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் அதில் கொஞ்சம் எரியாமல் சுவரோரமாக வழிந்து ஆயிலில் கலக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி இருபது நிமிடமாவது ஓடினால் ஆவியாகிப் போய்விடும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் போகாது. ஆயில் நீர்த்துப்போய், பிறகு கசடாகும். அதனால்தான் 52,000 என்ற எண்ணைப் பார்த்து நான் மயங்க மாட்டேன். நெல்லை, மதுரை என்று ஓடி 90,000 காட்டும் வண்டி, ஊருக்குள்ளேயே 52,000 ஓடியதைவிட நல்ல எஞ்சினோடு இருக்கலாம்.

எனவே வென்யூ ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியது, வண்டி எதற்கு ஓடியது என்பதைத்தான். அடுத்து பில். சர்வீஸ் புத்தகத்தில் சீல் இருக்கிறது என்பது போதாது. ஒவ்வொரு பில்லிலும் ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றினார்களா என்ற மூன்றையும் பாருங்கள். கம்பெனி சொல்லும் இடைவெளி 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. 52,000 ஓடிய 2020 வண்டிக்கு வருடத்துக்கு ஒரு பில்லாவது இருக்க வேண்டும். எங்காவது ஒன்றரை வருடம் காலியாக இருந்தால், அந்தக் காலத்தில் வண்டி 4,000 கி.மீ.தான் ஓடியது என்று சமாதானம் சொல்வார்கள். குறைவாக ஓடியதுதான் அங்கே பிரச்சினையே. ஓனரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வண்டி நம்பரை வைத்து முழு வரலாற்றையும் கணினியில் எடுத்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு தேதியிலும் மீட்டர் எவ்வளவு என்பது அதில் இருக்கும். மீட்டர் திருப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வர மாட்டேன் என்று ஓனர் இழுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் காலை ஏழு மணிக்கே போங்கள். முந்தின இரவே "ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவையுங்கள். போனதும் பேனட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் சொல்வதைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் தேன் நிறத்தில் இருந்தால் நன்று. லேசாகப் பழுப்பேறியிருந்தாலும் பரவாயில்லை. கரிச்சட்டியின் அடி மாதிரி கறுத்து, விரலால் சுரண்டினால் பொருக்காக வந்தால், சேல்ஸ்மேன் காட்டும் எந்தப் பில்லையும் நம்ப வேண்டாம். அந்தப் பொருக்கு உடைந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும், பிறகு டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயை அடைக்கும். அடுத்து ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே வையுங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, மட்டமும் மேல் குறியைத் தாண்டியிருந்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. கீழ்க் குறிக்கும் கீழே இருந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, அல்லது ஓனர் பேனட்டைத் திறந்ததே இல்லை. இரண்டுமே நமக்கு ஆகாது.

இப்போது ஸ்டார்ட். முதல் இரண்டு மூன்று விநாடி காதைக் கொடுங்கள். வென்யூ எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது டைமிங் செயின் என்ற சங்கிலி. ஸ்டார்ட் ஆனதும் கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம் வந்து இரண்டு விநாடியில் அடங்கினால், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் தாமதமாக வருகிறது. சில நேரம் காரணம் மலிவு விலை ஆயில் ஃபில்டராகவே இருக்கும். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு, நிறுத்திய பிறகு ஆயில் கீழே வடியாமல் பிடித்துவைக்கும். மலிவு ஃபில்டரில் அது சரியாக மூடாது. காலையில் செயினும் டர்போவும் சில விநாடி வறட்சியாக ஓடும். நல்ல ஃபில்டர் போட்ட பிறகும் சத்தம் வந்தால் செயின் நீண்டிருக்கிறது, அது பெரிய வேலை.

ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் அல்லது வால்வு சீல். வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. மழைக்காலக் காலையில் சைலன்சரிலிருந்து கொஞ்சம் வெள்ளை ஆவி வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும்.

கூட ஒரு மெக்கானிக் வந்தால், எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றச் சொல்லுங்கள். கிளிப் ஒன்றோ இரண்டோதான். உள்ளே டர்போ சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஒரு நூலளவு ஆட்டம் இருக்கும். ஆயில் படலத்துக்கான இடைவெளி அது, இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னுமாக இழுத்தால் ஆடக் கூடாது. இதழ்களின் ஓரம் தேய்ந்தோ, சுற்றுச் சுவரில் வட்டமாகக் கீறியோ இருந்தால் அந்த டர்போ கடைசிக் காலத்தில் இருக்கிறது. ஹோஸுக்குள் லேசான ஆயில் பிசுபிசுப்பு எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும். நம் தரப்பு மெக்கானிக்கே சில சமயம் அதைக் காட்டி விலை குறைக்கச் சொல்லி நாடகம் ஆடுவார், சட்டை செய்ய வேண்டாம். துணியை விட்டால் நனைந்து சொட்டும் அளவுக்கு இருந்தால்தான் கவலை.

அடுத்தது ஓ.பி.டி. ஸ்கேனர், வண்டியின் கணினி பதிந்துவைத்த எரர்களைப் படிக்கும் கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகினால் போனில் எல்லாம் தெரியும். எரர் இல்லை என்று வந்தால் திருப்திப்பட்டுவிடாதீர்கள், நேற்று ராத்திரி அழித்திருக்கலாம். "எரர் அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு வரி உண்டு. அதில் 15 கி.மீ. என்றிருந்தால் விஷயம் புரிந்துவிடும். பி0299 என்றால் டர்போ போதிய அழுத்தம் கொடுக்கவில்லை. பல நேரம் அது கிழிந்த இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ்தான், சின்னச் செலவு. பி0016 வந்தால் செயின் நீண்டிருக்கலாம் என்ற எச்சரிக்கை. பி0300 முதல் பி0303 வரை சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று அர்த்தம். பிளக் அல்லது காயில் மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

ஓட்டிப் பார்ப்பதை வெள்ளமடம் தாண்டி வைத்துக்கொள்ளுங்கள், கோட்டாறு ரோட்டில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து 4,000 வரை முழுசாக மிதித்தால் இழுப்பு ஒரே சீராக வர வேண்டும். நடுவில் திக்கினாலோ, காற்றுப் பிதுங்கும் சத்தம் கேட்டாலோ குறித்துக்கொள்ளுங்கள். டர்போவின் மெல்லிய விசில் இயல்பு. போலீஸ் ஜீப் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் இயல்பல்ல. பிறகு கிளட்ச். ஐந்தாம் கியர், 60 கி.மீ. வேகம், சட்டென்று முழு ஆக்சிலரேட்டர். சுற்று முள் மட்டும் துள்ளி ஏறி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இந்த எஞ்சின் 1,500 சுற்றிலேயே 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் கொடுத்துவிடும். தேய்ந்த கிளட்ச் சாதாரண வண்டியில் இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்கும், இதில் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சோதனை உண்டு. வண்டி குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நின்றதா? உப்புக்காற்று மேல் பெயின்டை விட்டுவிட்டு அடியில் வேலை காட்டும். லிஃப்டில் ஏற்றி சப்ஃபிரேம், பிரேக் குழாய், சைலன்சர் கிளாம்ப், பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் போல்ட் எல்லாம் பாருங்கள். முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இன்டர்கூலர், ஏ.சி. கண்டென்சர் இரண்டின் அலுமினியத் தகடுகளும் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். மேற்பூச்சாகத் துரு பிடித்த போல்ட் எல்லா வண்டியிலும் இருக்கும், அது கணக்கில்லை.

வெள்ளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போலோ திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் பல கை மாறி எங்கெங்கோ ஓடுகின்றன. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து வண்டி என்றால் 2023 டிசம்பரைக் கேட்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். யாரும் அதைக் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம், ஸ்டெப்னிக் குழி, கார்ப்பெட்டுக்குக் கீழுள்ள ஃபோம் இவற்றையும் பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்பதும் பேசும். கிளெய்ம் இல்லாமல் போனால் வருடா வருடம் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஐந்தாறு வருட வண்டியில் அது பூஜ்யம் என்றிருந்தால் போன வருடம் கிளெய்ம் போயிருக்கலாம், எதற்கு என்று கேளுங்கள்.

இனி போலோ. ஓட்டுவதற்கு அருமையான வண்டி, அதை மறுப்பதற்கில்லை. நாலு சிலிண்டர், 105 பி.எஸ்., நெடுஞ்சாலையில் ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் அதில் இருப்பது ஏழு வேக டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆயிலில் நனையாத இரண்டு உலர் கிளட்ச். அதை இயக்கும் மெகட்ரானிக் என்ற ஹைட்ராலிக், மின்னணுப் பெட்டிதான் இதன் பலவீனம் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஒரு லட்சம் அதோடு போயிற்று. நான்குவழிச் சாலையில் உலர் கிளட்சுக்குச் சிரமமே இல்லை என்பது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஒரு கல்யாணத்துக்குப் போனாலே ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் சூடேறிவிடும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது குலுங்கினாலும், ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் இரண்டு விநாடி யோசித்தாலும், டேஷ்போர்டில் கியர் எழுத்துகள் மின்னினாலும் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள். மெகட்ரானிக்கும் கிளட்சும் சமீபத்தில் மாற்றிய பில் கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

போலோவில் காகித வேலையும் கூடுதல். திருவனந்தபுரம் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் (ஃபாரம் 28). வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கத்து நம்பருக்கு மாற்றுவது சட்டப்படி கட்டாயம் (ஃபாரம் 27). தமிழ்நாட்டு ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும், கேரளத்தில் கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அங்கே அலைய வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, 30. கடன் இருந்து முடிந்திருந்தால் பாங்கிலிருந்து ஃபாரம் 35. விலை குறைவு என்கிறார்களே, இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் சிபாரிசு வென்யூ மானுவல், மேலே சொன்ன பில்லும் சோதனையும் சரியாக வந்தால். இன்னொன்றையும் மனசாட்சிப்படி சொல்ல வேண்டும். வருடம் 42,000 ஓடுபவருக்குப் பெட்ரோல்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் வருடம் 2,625 லிட்டர். லிட்டர் 100 என்று வைத்தாலும் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். அதே அளவு டீசல் வண்டி 20 கொடுத்தால் 2,100 லிட்டர், லிட்டரும் கொஞ்சம் மலிவு. வருடம் அறுபது எழுபதாயிரம் மிச்சமாகும். பி.எஸ். 6 டீசலில் வரும் புகைவடிகட்டிக்கும் இப்படி நீளமாக ஓடுவதுதான் ஒத்துக்கொள்ளும். நல்ல டீசல் கிடைத்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். நாகர்கோவில், நெல்லை ரயில் நேரம் உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவந்தால் வாரம் இரண்டு நாள் அதில் போனாலே வண்டிக்கு மூன்று வருடத்துக்கும் மேல் ஆயுள் கூடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் பழைய ஓனர் "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்" என்றாலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு மூன்றரையிலிருந்து நான்கு லிட்டருக்குள் பிடிக்கும். கிரேடு கையேட்டில் உள்ளபடி, முழு சிந்தடிக். டின்னின் பின்பக்கம் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று இருக்க வேண்டும். 2020-ல் வந்த தரம் அது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நேரடி பீய்ச்சல் டர்போ எஞ்சினில் குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில் அழுத்தி மிதித்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பிடித்துவிடும். சுத்தியால் அடித்த மாதிரி ஒரு தட்டு. மோசமானால் பிஸ்டனே உடையும். சிலிண்டர் சுவரில் ஒட்டும் ஆயில் துளியும் அதைத் தூண்டிவிடும். எஸ்.பி. தர ஆயில் இந்தச் சோதனையில் தேறியது. வடிகால் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதோடு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்று, கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட் (டாட் 4). கூலன்டில் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர்கூட ஊற்றக் கூடாது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-ம் வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரோடு நான்குவழிச் சாலையில் ஏற வேண்டாம், பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

உங்களுக்கு 10,000 கி.மீ. மூன்று மாதத்திலேயே வந்துவிடும். நெடுஞ்சாலை ஓட்டம் என்பதால் 10,000 வரை ஆயில் தாங்கும். ஆனாலும் பழைய வண்டி என்பதால் முதல் வருடம் 8,000-க்கு ஒரு தடவை மாற்றுங்கள் என்பேன். வருடத்துக்கு ஐந்து முறை. ஒரு டர்போ விலையில் எத்தனை முறை ஆயில் மாற்றலாம் என்று வீட்டுக்காரரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால் அவரும் ஒத்துக்கொள்வார்.

ஓட்டும் முறை பற்றி இரண்டு சங்கதி. காலையில் வீட்டிலிருந்து முதல் மூன்று நான்கு கி.மீ. 2,500 சுற்றைத் தாண்டாதீர்கள். ஒழுகினசேரி வரை டிராஃபிக்கே அதைப் பார்த்துக்கொள்ளும். வள்ளியூரில் டீ குடிக்க நிறுத்தினால் 100-ல் வந்து சட்டென்று சாவியைத் திருப்பாதீர்கள். கடைசி ஒரு கி.மீ. மெதுவாக வந்தாலே பாதி வேலை முடிந்தது, நின்ற பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். இல்லையென்றால் சிவந்த டர்போவுக்குள் நிற்கும் ஆயில் வெந்து கரியாகப் படியும். ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய காலத்து லாரிப் பழக்கம்.

அடுத்தது ஆரல்வாய்மொழிக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கணவாய் வழியாக அடிக்கும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தல் காற்றாலைகளே அதற்காக நிற்பவைதான். காலையில் நெல்லை போகும்போது முதுகில் தள்ளும். மாலையில் காவல்கிணறு திரும்பியதும் நெஞ்சில் மோதும். வேகம் 90-லிருந்து 110 ஆனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்கு. எதிர்காற்றோடு 110 போனால் டர்போ மலையேறுகிற மாதிரி உழைக்கும். அந்த இருபது கி.மீ. ஆறாம் கியரில் இழுக்காமல் ஐந்தில் 80 போங்கள். மைலேஜ் மாலையில் குறைவாகக் காட்டினால் வண்டியில் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாம்.

அதேபோல எத்தனால். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் அதை எதிர்பார்த்துச் செய்தவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் இறங்கும், அதோடு பெட்ரோல் குழாயும் ரப்பர் சீலும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியவை ஆகின்றன. தினமும் ஓடும் உங்கள் வண்டியில் பெட்ரோல் தேங்கி நிற்காது, அந்த மட்டில் நல்லது.

80,000, 90,000 வரும்போது காலையில் ஐடில் நடுங்கலாம், மிதித்ததும் ஒரு கணம் தயங்கலாம். உள்வரும் வால்வின் முதுகில் கரி படிவதுதான் காரணம். பழைய முறை எஞ்சினில் பெட்ரோல் அந்த வால்வின் மேலேயே பட்டு அதைக் கழுவிக்கொண்டிருக்கும். இதில் பெட்ரோல் சிலிண்டருக்குள் போய்விடுவதால் ஆயில் ஆவி மட்டும் வந்து காய்கிறது. பங்கில் விற்கும் சின்ன டப்பா மருந்து டேங்கில் ஊற்றினால் இன்ஜெக்டர் சுத்தமாகும், வால்வை அது தொடாது. காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். செய்யத் தெரிந்த ஆளா, அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுகிறேன் என்பவரிடம் வேண்டாம்.

விலை பேசி முடிக்கும்போது டர்போ, கிளட்ச் மாதிரி பின்னால் வரும் வேலைகளுக்கென்று 60,000 ரூபாயை வண்டி விலையில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். முதல் ஆயில் மாற்றியதும் டிப்ஸ்டிக்கில் மட்டம் சரியாக மேல் குறியில் இருக்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஆறேழு வேலை நாளில் 1,000 கி.மீ. ஓடியதும் காலையில் குளிர்ந்த எஞ்சினில் மறுபடி பாருங்கள். மட்டம் அசையவில்லை என்றால் நீங்கள் வாங்கியது நல்ல எஞ்சின். இரண்டு குறிக்கும் நடுவே பாதி இறங்கியிருந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் போயிருக்கிறது. அந்த எண்ணோடும், அன்று காலையில் புகை எந்த நிறத்தில் வந்தது என்பதோடும் மறுபடி எழுதுங்கள்.